பதினோராவது பாரம்

புத்தகத்தின் முதல் பக்கம் கடைசியில்தான் அச்சாகும். சிவகாசியில் எந்த அச்சகத்தில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பதினாறு பதினாறு பக்கமாக ஒரு பெரிய தாளில் ஓட்டுவார்கள்; அந்தத் தாளுக்குப் பாரம் என்று பெயர். இரண்டாவது பாரத்தில் தொடங்கிக் கடைசிப் பாரம் வரை ஓடி முடிந்த பிறகுதான், ஆசிரியர் பெயரும் முன்னுரையும் பொருளடக்கமும் உள்ள முதல் பாரம் மிஷினில் ஏறும். பொருளடக்கத்துக்குப் பக்க எண் தெரிய வேண்டும், அதற்காக. பதினாறு வருடமாக அச்சகத்தில் இருக்கும் சபுராவுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அவள் ஏமாந்தது அந்த முதல் பாரத்தில்தான்.

சபுரா என் அண்ணன் மனைவி. நேரில் மச்சி என்று கூப்பிடுவேன். எழுதும்போது பெயரே வசதி. விருதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து காலை எட்டு மணி பஸ்ஸில் சிவகாசிக்குப் போவாள். டைப் அடிப்பதும் மெய்ப்புத் திருத்துவதும் அவள் வேலை. ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டுப் போன ஆடியில் நான் வீடு திரும்பினேன். நான் வந்து இறங்கிய அதே வாரத்தில்தான் அந்தப் புத்தகமும் வந்தது. யாரும் என்னைப் பயணம் எப்படி என்று கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்தொன்பது வயதில் சபுராவுக்குக் கல்யாணம். அதன்பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, எம்.ஏ. தமிழும் முடித்தாள். சனி, ஞாயிறுகளில் மதுரையில் நடந்த நேர்முக வகுப்பில்தான் சபரிநாதன் அறிமுகம். அவளைவிட எட்டு வயது இளையவன். யாப்பிலக்கணம் அவனுக்கு ஏறவே இல்லை. அசை பிரிக்கவும் சீர் பார்க்கவும் அவள் நோட்டைப் பார்த்துத்தான் படித்தான். "அக்கா இல்லாட்டி நான் பெயிலுக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொல்வான். பிறகு ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆனான். பெருநாளைக்குத் தவறாமல் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவான். என் அண்ணன் உபைதுல்லா அவனை மச்சினன் என்றே கூப்பிடுவான்.

முந்தைய வருடம் அவன் அச்சகத்துக்கு ஒரு ஆர்டரோடு வந்தான். கல்லூரி முதலாண்டுக்குப் புதுப் பாடத்திட்டம், அதில் இலக்கிய வகைமைகள் ஒரு தாள். செய்யுள் வகைகள், நாடகம், சிறுகதை, கதையின் கூறுகள் எல்லாம் எளிமையாக ஒரு புத்தகத்தில் வேண்டும். ஒரு சிக்கல் இருந்தது. எடுத்துக்காட்டுக்கு யாருடைய கவிதையை எடுத்தாலும் அனுமதி கேட்க வேண்டும். அச்சக உரிமையாளர் முத்துக்கருப்பன் அண்ணாச்சிக்கு அந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்த அனுபவம் உண்டு.

"எடுத்துக்காட்டு பூராம் புதுசா எழுதிருவோம்க்கா. உங்களால முடியும். ரெண்டு பேர் பேரையும் போட்டுருவோம்" என்றான் சபரிநாதன்.

எட்டு மாதம் எழுதினாள். விளக்கமும் அவளே, எடுத்துக்காட்டும் அவளே. ஓரங்க நாடகத்துக்கு, ஒரே கடைக்காரரிடம் காலண்டர் ஆர்டர் பிடிக்க வந்து மோதிக்கொள்ளும் இரண்டு ஏஜெண்டுகள். ஆசிரியப்பாவுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையின் சங்கு. குறள் வெண்பாவுக்கு மிஷின்காரர் கையைப் பார்த்து எழுதியது இது:

கையில் கருமை கழுவினும் போகாது
பையில் மறைத்தாலும் பார்.

மாணவர்கள் அசை பிரித்துப் பழக இதைவிட லேசான வெண்பா கிடையாது என்று அவளுக்குப் பெருமை. மிஷின்காரர்தான் கோபித்துக்கொண்டார். "ஊருல எம்புட்டோ பேரு இருக்காக. என் அழுக்குதான் உனக்குப் பாட்டா?"

சிறுகதை மட்டும் வரவில்லை. கதைக்கரு, பின்னணி, கதைமாந்தர், நோக்குநிலை, முரண், உச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதிவிட்டாள். எல்லாவற்றையும் காட்ட ஒரே ஒரு கதை வேண்டும். மூன்று எழுதிக் கிழித்தாள். நாலாவதை ஒரே மூச்சில் அடித்தாள். அது அவளுடைய கதை அல்ல, வெள்ளைத்தாயினுடையது.

வெள்ளைத்தாய் அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் பாரம் மடிப்பவள். தாயில்பட்டிக்காரி, கம்பெனி வேனில் வருவாள். சபுராவும் அவளும் மதியம் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். இங்கு வருவதற்கு முன் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருநாள் வர முடியாவிட்டால், வீட்டிலிருந்து ஒரு பொம்பிளையைப் பதிலுக்கு அனுப்பிவிடலாம். சம்பளப் பதிவேட்டில் பழைய பெயரே இருக்கும். போர்மேனுக்கு ஆள் எண்ணிக்கை குறையாமல் இருந்தால் போதும். ஒருநாள் வெள்ளைத்தாய் காய்ச்சல் என்று சொல்லித் தன் நாத்தனார் மூக்கம்மாளை அனுப்பினாள். அன்று பதினோரு மணிக்கு அந்த அறை வெடித்தது.

காய்ச்சல் எல்லாம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருநாள்கூடச் சும்மா இருந்ததில்லை, எங்கேயாவது போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். ஆனைக்குட்டம் அணைக்குத் தனியாகப் போய், கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சோற்றைச் சாப்பிட்டாள். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்றவர்கள் செத்தவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெயர் வெள்ளைத்தாய். தான் செத்துவிட்டதை நின்று கேட்டுவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

மூக்கம்மாளின் மகள் முருகேஸ்வரிக்கு அப்போது எட்டு வயது. அவளை வளர்ப்பது வெள்ளைத்தாய்தான். அத்தைக்குக் காய்ச்சல், அதனால் அம்மா போனாள் என்பதுதான் இன்றுவரை அவளுக்குத் தெரிந்தது. அணைக்குப் போனதைப் புருஷன் தங்கச்சாமியிடம்கூட வெள்ளைத்தாய் சொன்னதில்லை. ஒன்பது வருடம் கழித்து, ஒரு மதியச் சாப்பாட்டில், சபுராவிடம் மட்டும் சொன்னாள்.

இப்போது இதையெல்லாம் நான் எழுதலாமா என்று வெள்ளைத்தாயைக் கேட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் பதில் வந்தது. அவள் உண்மைப் பெயர் வெள்ளைத்தாய் அல்ல. போன இடம் அணை அல்ல. கட்டிக்கொண்டு போன சோறும் வேறு. மாற்றியதையெல்லாம் வாசித்துக் காட்டிய பிறகுதான் சரி என்றாள்.

சபுராவும் தன் கதையில் பெயர்களை மாற்றியிருந்தாள். அணையைக் கடலாக்கியிருந்தாள். கேட்கவில்லை, அவ்வளவுதான். கதை பதினோராவது பாரத்தில் விழுந்தது. அதை மடித்து அடுக்கியது வெள்ளைத்தாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால் மடிக்கும்போது பக்க எண்ணைத்தான் பார்ப்பாள், வரியைப் பார்ப்பதில்லை.

முதல் பாரத்தைச் சபரிநாதன் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். "அட்டை, முன்னுரை எல்லாம் நான் பாத்துக்கிறேன்க்கா. நீங்க பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு" என்றான். பைண்டாகி வந்த புத்தகத்தின் அட்டையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. சபுரா அவனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, என் பேரு எங்கன இருக்கு?"

"நன்றியுரைல இருக்கேக்கா. மூணாவது வரி."

மூன்றாவது வரியில், தட்டச்சு செய்து உதவிய திருமதி சபுரா அவர்களுக்கு நன்றி என்று இருந்தது.

"தட்டச்சா?"

"அக்கா, எனக்குப் புரட்டாசில நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. புத்தகம் போட்டிருந்தா அதுல மார்க் உண்டு, ரெண்டு பேர் எழுதினதுன்னா பாதிதான். அடுத்த பதிப்புல மாத்திருவோம்."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா எழுதிருக்க மாட்டீகளே."

அவன் அதைச் சிரிக்காமல் சொன்னான் என்பதைத்தான் சபுரா திரும்பத் திரும்ப என்னிடம் சொல்வாள்.

மறுநாள் அண்ணாச்சி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அங்கே சபரிநாதன் வேறு மாதிரிப் பேசினான். தான் சொல்லச் சொல்ல அக்கா அடித்ததாம். முத்துக்கருப்பன் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சபுராம்மா, நீங்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து அடிச்சதை நான் பாத்தேன். எழுதினதைப் பாக்கலையே. எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது."

"அண்ணாச்சி, நோட்டுல எழுதினாத்தான் எழுத்தா?"

"கோவப்படாதீக. சாட்சி ஒண்ணு கொண்டாங்க. உங்க பேரைப் போட்டு ஒரு சீட்டு அடிச்சு அம்புட்டுக் காப்பிலயும் ஒட்டிருவோம்."

சபுராவுக்கு உடனே தோன்றிவிட்டது. "பதினோராவது பாரத்துல ஒரு கதை இருக்கு அண்ணாச்சி. அது நடந்தது. நடந்த ஆளு கீழதான் வேலை பாக்குது. என்னைத் தவிர யாருகிட்டயும் சொன்னதில்ல. தம்பி அது யாருன்னு சொல்லட்டும் பாப்போம்."

சபரிநாதன் ஃபேனைப் பார்த்தான்.

"கூட்டிட்டு வாங்க" என்றார் அண்ணாச்சி.

ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். வெள்ளைத்தாயை மேலே கூப்பிட வேண்டுமென்றால், முதலில் அவளிடம் எழுதியதைச் சொல்ல வேண்டும்.

பேப்பர் ரீம்கள் அடுக்கியிருந்த மூலையில் வைத்துச் சொன்னாள். வெள்ளைத்தாய் மடிப்பை நிறுத்தவில்லை.

"எந்தப் பாரம்?"

"பதினொண்ணு."

"அது ரெண்டு நாள்ல மடிச்சு முடிச்சேன். வேகமா ஓடுச்சேன்னு நெனச்சேன்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள். "படி, கேப்போம்."

சபுரா படித்தாள். பதினோரு பக்கம். பஸ் ஸ்டாப்பில் மூன்றாவது பெயர் வரும் இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். வெள்ளைத்தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"நல்லா எழுதிருக்கே" என்றாள். "எனக்கே அவ மேல பாவமாத்தான் இருக்கு."

"பேரை மாத்திட்டேன்க்கா. ஊரையும் மாத்திட்டேன்."

"சோத்தை மாத்தலியே."

சபுராவுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு விடிகாலைல எலுமிச்சம்பழச் சோறு கிண்டி ரெண்டு டப்பா கட்டினேன். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு. முருகேசு அடுப்புக்கிட்டதான் நின்னா. டப்பாவை மூடிக் கொடுத்ததே அவதான். காய்ச்சக்காரிக்கு எதுக்கு டப்பான்னு கேக்குற வயசு அன்னைக்கு இல்ல. இப்ப பன்னெண்டாப்பு படிக்கா. அடுத்த வருசம் காலேசு. இந்தப் புஸ்தகந்தான அங்க?"

"ஆமா" என்றாள் சபுரா.

"நீயும் நானும் ஒண்ணாச் சோறு திங்கிறது அவளுக்குத் தெரியும். அட்டைல உன் பேரு இருந்துச்சுன்னா மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சிருவா." ஒரு பாரத்தை எடுத்து மடித்து ஓரத்தை நகத்தால் அழுத்தினாள். "அந்த வாத்தியாரு உன் பேரை விட்டது நல்லதாப் போச்சு. அவன் பேரே இருக்கட்டும்."

"அக்கா, நான் எட்டு மாசம்..."

"நான் ஒன்பது வருசம் வச்சிருந்தேன், சபுரா."

சபுரா மேலே போய், சாட்சி இல்லை என்று சொன்னாள். அண்ணாச்சி காரணம் கேட்கவில்லை. சபரிநாதன் அவளுக்காக டீ சொன்னான். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தாள். ஏன் குடித்தாள் என்று இன்றும் அவளுக்குத் தெரியாது.

புரட்டாசியில் அவனுக்கு வேலை நிரந்தரமானது. ஐந்து கல்லூரிகள் புத்தகத்தை வைத்தன. மாசியில் இரண்டாம் பதிப்புக்கு ஆர்டர் வந்தபோது, சபுரா தானாகவே அவனைக் கூப்பிட்டாள். அந்தக் கதையை எடுத்துவிட வேண்டும் என்றாள்.

"அந்தக் கதைக்காகத்தான்க்கா எல்லாரும் வாங்குறாங்க. ஒரு பேராசிரியர் அழுதுட்டேன்னு போன் பண்ணுனாரு."

"உங்ககிட்டயா அழுதாரு?"

அதற்கு அவன் தன் பயத்தைத்தான் சொன்னான். கதையை எடுத்துவிட்டு, நாளைக்கு அவள் அதைத் தன் பெயரில் எங்காவது போட்டால் அவன் வேலை என்ன ஆகும்? புத்தகத்தில் எதுவும் தன்னுடையதல்ல என்று அவள் எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம்.

அவள் எழுதிக் கொடுத்தாள். நூல் முழுவதும் முனைவர் சபரிநாதன் எழுதியது, நான் தட்டச்சு மட்டுமே செய்தேன். இந்த முறை கையால் எழுதச் சொன்னான். அண்ணாச்சி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினார்.

முதல் பதிப்புப் பிரதிகள் அந்த ஐந்து கல்லூரி நூலகங்களிலும் இருக்கின்றன. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. முருகேஸ்வரி எந்தக் கல்லூரியில் சேருவாள் என்று சபுரா கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைக்கிறாள்.

கதைக்குப் பதில் வேறு கதை கேட்டான் சபரிநாதன். "நீங்கதான ஆசிரியர், எழுதுங்க தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவனால் முடியவில்லை. கதையின் கூறுகள் என்ற அத்தியாயம், கதையே இல்லாமல், ஆறு விளக்கங்களும் ஒரு பயிற்சி வினாவுமாக வந்தது.

பங்குனியில் புதிய பதினோராவது பாரம் ஓடியது. மை காயும் முன்பே வெள்ளைத்தாய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு சபுராவின் மேஜைக்கு வந்தாள். ஆடிக்குப் பிறகு அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை.

"படி" என்றாள்.

சபுரா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு வரி விடாமல் படித்தாள். கதைக்கரு என்றால் என்ன, முரண் என்றால் என்ன, உச்சம் என்றால் என்ன. வெள்ளைத்தாய் நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு மடிக்கப் போனாள். மதியம் சங்கு ஊதியதும் டப்பாவை எடுத்துக்கொண்டு பைண்டிங் பொம்பிளைகளோடு போய் உட்கார்ந்தாள். சபுரா தன் மேஜையிலேயே சாப்பிட்டாள்.