கடலில் இறக்கம் கிடையாது

அந்த டீசல் பம்பில் அளவு வைத்தது நான். என் புருசன் இல்லை, கடைப் பையன் இல்லை. நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் எங்களுக்கு ஒரு பட்டறை. என் புருசன் என்ஜின் வேலை பார்ப்பார். நான் பம்பு வேலை. பம்பை டெஸ்ட் பெஞ்சில் பூட்டிச் சுற்றவிட்டால் ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் என்ஜினுக்குத் தீனி. தீனி கூடினால் பலம் கூடும், சூடும் கூடும். இருபது வருசமாக இதுதான் என் பொழப்பு. வால்பாறைக்கு லோடு ஏற்றுகிற லாரிக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். 'மலை அளவு' என்று ஒன்று வைப்பேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறாது. அதில் எனக்குத் திமிர் உண்டு.

மீன்பிடித் தடைக்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒருத்தர் தன் விசைப்படகின் என்ஜினை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறு சிலிண்டர், என் இடுப்பு உயரம், உப்பு பூத்துக் கிடந்தது. புது என்ஜின் வாங்க வக்கில்லை, பழசையே பெரிசாக்கிக் கொடுங்கள் என்றார். படகு அவருடையது, ஓட்டுவதும் அவர்தான், கூட நான்கு பேர். மற்ற படகுகள் முந்திப் போய் மீனை அள்ளிவிடுகின்றன என்று ஒரே புலம்பல்.

என் புருசன் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி லாரி பிஸ்டனைப் போட்டார். நான் பம்பைப் பார்த்தேன்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் கூட்டி வைங்க. காத்தாப் பறக்கணும்."

"மலைக்கு வெக்கிற அளவு வெச்சிருக்கேனுங்க. ஆனைமலையே ஏறும், உங்க கடலு ஏறாதுங்களா?" என்றேன். பெரிய ஜோக்கு அடித்ததாக நினைத்து நானே சிரித்தேன்.

பட்டறையில் அரை மணி ஓட்டிக் காட்டினோம், சுமை எதுவும் இல்லாமல். வெள்ளைப் பூசணிக்காய் உடைத்து அனுப்பி வைத்தோம்.

தடைக்காலம் முடிந்த மறுநாள் நானும் என் புருசனும் வால்பாறை போனோம். எஸ்டேட்டில் ஒரு லாரி நின்றுபோயிருந்தது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு. ஏற்றம் முழுக்க என்ஜின் அலறிக்கொண்டே வந்தது. ஏற்றம் முடிந்து வால்பாறைப் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் டிரைவர் காலை எடுத்தார். சத்தம் அடங்கியது. என்ஜின் மூச்சு வாங்கியது. ஜன்னல் வழியாகக் குளிர் காற்று வந்தது.

நான் என் புருசனின் தோளை உலுக்கினேன்.

"ஏனுங்க, கடல்ல இறக்கம் எங்கீங்க இருக்குது?"

"தூக்கத்துல உளர்றயா புள்ள? கடல்ல ஏது ஏத்தம், இறக்கம்?"

"அதத்தானுங்க கேக்கறேன். லாரி ஏறும், அப்புறம் இறங்கும், சூடு ஆறும். படகு எங்கீங்க இறங்கும்?"

அவர் கையில் இருந்த கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். மனுசன் கடலையைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகுக்கு எந்நேரமும் மலைதான். மணிக்கணக்காக ஏற்றம். போர்வெல் கிணறு போடுகிற ரிக் வண்டியும் அப்படித்தான், நின்ற இடத்திலேயே நாள் முழுக்கச் சுமை. ரிக் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்காரர்கள் அதற்குக் குறைத்துத்தான் அளவு வைப்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை பழகின பக்கமே போயிருக்கிறது. அந்தப் படகு முழுக்க மரம். என்ஜின் அறையை ஒட்டி டீசல் டேங்க்.

போனில் டவர் இல்லை. வால்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடித்தேன். படகுக்காரரின் மனைவி எடுத்தது.

"அவிய விடியக்காலமே போயிட்டாவளே. புது மிசினு, எல்லாருக்கும் முன்னால போய்க் காட்டுதேன்னு சொல்லிட்டுப் போனாவ. ஏங்க்கா, எதும் கோளாறா?"

என் புருசன் கையை ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போல இருந்தது.

"ஆமா கண்ணு. தப்பா அளவு வெச்சுப்போட்டேன். ஜாஸ்தி நேரம் முழு வேகத்துல போனா என்ஜின் தீப்புடிச்சாலும் புடிக்கும். வயர்லெஸ்ல சொல்லச் சொல்லு. பாதி வேகத்துக்கு மேல போகவே வேண்டாம்னு சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். அழுகையா, வசவா, தெரியவில்லை. பிறகு ஓடுகிற காலடிச் சத்தம். போன் துண்டானது.

எஸ்டேட்டுக்கு நான் போகவில்லை. அவர் மட்டும் போனார். நான் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. டீயை வாங்கி ஆறவிட்டுக் கொட்டினேன். படகுக்காரரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மற்ற நான்கு பேரின் முகம் எனக்குத் தெரியாது. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. முகம் தெரியாத நாலு பேர், என் கை வைத்த அளவு. சாமி கும்பிடவும் வரவில்லை. என்னவென்று கும்பிடுவது? தப்பு என்னுது.

சாயங்காலம் போன் வந்தது. படகுக்காரரே பேசினார்.

"உசுரோடதான் இருக்கேன், பயப்படாதீய. பொகக்குழாய் செக்கச்செவேல்னு ஆயிட்டு. பக்கத்துல கெடந்த சாக்கு பத்திக்கிட்டு. தண்ணிய ஊத்தி அணைச்சு, மிசினை நிப்பாட்டிட்டோம். காத்து எங்கள கரைய விட்டு வெளிய இழுக்கு. ரெண்டு மணி நேரம் அப்படியே கெடந்தோம். பொறவு பக்கத்துப் படகுக்காரன் வந்து உங்க சேதியச் சொன்னான். மெள்ள மிசினை எடுத்து ஊர்ந்து வந்து சேந்தோம். அஞ்சு பேரையும் வறுத்து எடுத்திருப்பீய, அக்கா."

"ஆமாங்க," என்றேன்.

படகுக்காரர் பம்பைக் கழற்றிக் கோயம்புத்தூர் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். ரிக் வண்டிக்கு வைக்கிற அளவு வைத்தேன். மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவையும் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் தூத்துக்குடி போனோம். வழி முழுக்கப் பம்பு என் மடியில். அங்கே என் புருசன் என்ஜினைத் திறந்தார். ஒரு பிஸ்டனின் தலையில் விரல் நுனி அளவுக்கு உருகிக் குழிந்திருந்தது. அதைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

புது பிஸ்டன் போட்டு, பம்பைப் பூட்டி முடித்ததும் படகுக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஏறுங்க."

"நானுங்களா?"

"பொம்பளைய ஏத்தக் கூடாதும்பாவ. நான் ஏத்துதேன். அளவு வெச்சது நீங்கதான? நீங்களே காவலுக்கு இருங்க."

என் புருசன், "நான் போறேனுங்க, அவளுக்குத் தண்ணின்னாலே ஆகாது," என்றார்.

"நீங்க வேண்டாம். அவிய வரட்டும்."

ஆழியாறு அணையில்கூடப் படகேறாதவள் நான். ஏறினேன். மற்ற நான்கு பேரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். ஒருத்தருக்கு என் அப்பா வயசு. மூலையில் கரிந்த சாக்கு இன்னும் கிடந்தது, வேண்டுமென்றே விட்டுவைத்த மாதிரி.

முழு வேகத்தில் கிளம்பியது. மலை அளவில் பறந்த மாதிரி பறக்கவில்லையாம், ஆனால் என்ஜினைப் பெரிசாக்குவதற்கு முன்னைவிட நன்றாகவே போகிறதாம். நான் என்ஜின் அறை வாசலில் குந்தி, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புகைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தி வந்தது. எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். கரை எப்போது மறைந்தது என்று தெரியாது. குழாய் கருப்பாகவே இருந்தது.

"தாயி, போதும், வெளிய வந்து காத்து வாங்குங்க," என்றார் அந்தப் பெரியவர்.

"இருங்க," என்றேன். "இன்னும் ஒரு மணி நேரம் பாத்துப்போட்டு வாரேன்."