தென்கடலுக்கும் வடகடலுக்கும் படகு இழுத்தவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினோரு மணி வகுப்புக்குள் நுழையும்போது அந்தோணியிடமிருந்து போன் வந்தது. பாம்பனில் எங்கள் ஆய்வுப் படகை ஓட்டியவர் அந்தோணி. வேலை நேரத்தில் அழைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "மேடம், நம்ம சீனி காக்கா மவுத்தாயிட்டாக. காலையில தொழுதுட்டு வந்து உக்காந்தவுக, எந்திரிக்கல. லுஹருக்கு அப்புறம் அடக்கம்" என்றார்.

மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றால் இரண்டு மூன்று மணி நேரம்தான் இருந்தது. நான் இருந்ததோ திருநெல்வேலியில். மாணவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் மாறி மாறி இராமநாதபுரத்தில் இறங்கும்போதே மணி நான்கைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து ஏறிய பஸ் பாம்பன் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான், பார்க்கக் கிளம்பிய முகத்தை இனிமேல் பார்க்க முடியாது என்பது எனக்கு உறைத்தது.

சீனி இபுராகிமை உங்களில் பலருக்குத் தெரியும். பாம்பன் தெற்குக் கரையில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சை ஜீப்பின் மேல் ஒரு கையை ஊன்றியபடி நிற்பவர். மீனவர்களுக்கு அவர் சீனி காக்கா. எனக்குச் சீனி அண்ணன். ஒன்பது வருடம் ஒரே ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தோம். கடலுக்குள் இருக்கும் புல்லையும் ஆமைகளையும் கணக்கெடுப்பது என் வேலை. எங்கள் ஃபைபர் படகைக் காலையில் கடலில் இறக்கி, மாலையில் கரையேற்றுவது அவர் வேலை.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஜீப் மணலில் புதைந்தது. ஓட்டியவர் வேறொருவர். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி பறித்துக்கொண்டு இறங்கியது. ஆர்.எஸ்.மங்கலத்து வயல்காட்டில் டிராக்டர் சேற்றில் சிக்கிப் பார்த்தவள் நான். ஆள் பலம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். அப்போது கரையோரமாக நடந்து வந்த ஒருவர், யாரையும் தள்ளச் சொல்லாமல், நான்கு டயரிலும் காற்றைப் பாதி இறக்கிவிட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, ஒரு கிழவியைக் கைபிடித்து அழைத்துவருவதுபோல மெதுவாக வண்டியை மேலே கொண்டுவந்தார். அந்த மாதமே அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கு முன் பதினைந்து வருடம் வளைகுடாவில், எண்ணெய் தேடிப் போகிறவர்களுக்குப் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவர் அவர். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "எம்புட்டுத் தூரம் ஓட்டுனாலும் மணலு முடிஞ்சு கடலு வரல தங்கச்சி. அதான் வந்துட்டேன்" என்றார். அவர் மனைவி நூர்ஜகான் லாத்தா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்படியெல்லாம் இல்லை, பிள்ளைகள் கத்திக் கத்தி அழைத்ததால்தான் வந்தார் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

படகு இறக்குவதை அவர் அவசரமில்லாமல் செய்வார். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டி இறங்கப்போகும் தடத்தில் தண்ணீர்வரை நடந்து பார்ப்பார். பாலைவனத்து மணல் மேலே மட்டும்தான் ஏமாற்றும், இந்த மணல் அடியில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏமாற்றும் என்பார். படகு ஏற்றிய டிரெய்லரைத் தண்ணீர் விளிம்புவரை கொண்டுவந்து, அங்கே கொஞ்ச நேரம் சும்மா நிறுத்திவைப்பார். எனக்கோ வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், ஓடி வந்த சக்கரத்தில் பேரிங் சூடாக இருக்கும், சூட்டோடு கடலில் இறக்கினால் உப்புத்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று விளக்குவார். "வேர்த்து வந்தவன ஒடனே குளிக்கச் சொல்லுவீகளா? அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டும்." டிரெய்லரின் சக்கரம் நனையலாம். ஜீப்பின் சக்கரம் நனையக் கூடாது. அது அவர் வைத்திருந்த சட்டம். மாலையில் படகு ஏறியதும், வேறு யாரையும் தொடவிடாமல் வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்.

வருடத்தில் இரண்டு நாள் மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். அது படகு கடல் மாறும் நாள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடைக்காற்று வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். அதனால் படகைத் தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தார்ச்சாலை வழியாக இழுத்துப் போக வேண்டும். அந்தோணி படகுக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்து வருவார். கருவாடு காயப்போட்டிருக்கும் பெண்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். ஒரு முறை இராமேஸ்வரம் போகும் யாத்திரை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, வடநாட்டுப் பெரியவர் ஒருவர் இறங்கி வந்து எங்களைப் படம் எடுத்தார். சீனி அண்ணன் ஜீப்பை இன்னும் மெதுவாக்கினார். பாவம், படகு நடந்து போவதை அவர் ஊரில் பார்த்திருக்கமாட்டார் என்றார். அந்தச் சாலையை இப்போது எத்தனை முறை நினைத்துக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அரை மணி நேரப் பயணம்தான். அதில் ஒன்றுமே நடக்காது.

இனிச் சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாதது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வருடம் கச்சான் முன்னதாகவே வந்துவிட்டது. அடுத்த வாரம் படகை வடகடலுக்கு மாற்றுவதாக இருந்தோம். அன்று தென்கடலில் கடைசி நாள் வேலை. கடலுக்குள் இருக்கும் குட்டித்தீவு ஒன்றின் ஓரமாகப் பாசி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக் கையை வீசிக் கத்தினார்கள். முத்துலட்சுமி என்ற பெண்ணின் தொடையில் திருக்கை முள் ஆழமாகக் கிழித்திருந்தது. தலைத்துணியால் இறுக்கிக் கட்டியும் இரத்தம் நிற்கவில்லை. அவர்களுடைய வல்லத்தைவிட எங்கள் படகு வேகமானது. அவளை ஏற்றிக்கொண்டு கரைக்கு விரட்டினோம்.

கரையை நெருங்கும்போது அலை ஆளுயரத்துக்கு எழும்பத் தொடங்கியிருந்தது. தூரத்திலேயே சீனி அண்ணன் எங்கள் அவசரத்தைப் புரிந்துகொண்டார். வழக்கமாகத் தண்ணீர் விளிம்பில் நிற்கிறவர், அன்று டிரெய்லரோடு ஜீப்பையும் சேர்த்துப் பின்னோக்கிக் கடலுக்குள் இறக்கினார். படகின் முன்பாதி டிரெய்லரில் ஏறியதும் கயிற்றை மாட்டினார். இரண்டு பேருமாக முத்துலட்சுமியைத் தூக்கி ஜீப்பின் பின்னால் படுக்கவைத்தோம். நான் அவள் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் ஃபோர் வீலைப் போட்டு இழுத்தார்.

வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து அடித்த அலை படகுக்குள் ஏறி நிரம்பிக்கொண்டிருந்தது. அத்தனை பாரமும் ஜீப்பைக் கடலுக்குள் இழுத்தது. அந்தோணி கழுத்தளவு தண்ணீரில் படகின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். நான்கு சக்கரமும் சுற்றிச் சுற்றி இறங்கின. பக்கத்தில் வேறு வண்டி கிடையாது. டிராக்டர் வர அரை மணி நேரமாவது ஆகும். சீனி அண்ணன் இறங்கிப் பின்னால் வந்து, டிரெய்லர் மாட்டியிருந்த கொக்கியின் ஆணிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, படக விட்டுருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். ஒன்பது வருடமும் அந்தப் படகைக் கழுவியவர் அவர்.

"விடுங்கண்ணே. இவளுக்குக் கை சில்லிட்டுப் போச்சு."

ஆணியை உருவினார். டிரெய்லரும் படகும் பின்னால் போயின. பாரம் குறைந்ததும் ஜீப் ஒரு குலுக்கலில் மேலேறியது. அந்தோணி நீந்திக் கரை சேர்ந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது முத்துலட்சுமிக்கு நினைவு தப்பியிருந்தது. ஆனால் பிழைத்துக்கொண்டாள். படகு அன்று மாலைக்குள் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். படகை விடச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. கடலிலும் கரையிலும் பொறுப்பு என்னுடையது. அந்த மாதம்தான் என் ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்க வேண்டியிருந்தது. முதலில் சீனி அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் என் பக்கத்தில் நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு சொன்னார்: "நானா முடிவு பண்ணி உருவுனேன்னு சொல்லிட்டேன். நீங்க மாத்திச் சொல்லி ரெண்டு பேத்தையும் பொய்யாக்கிராதீக."

நான் உள்ளே போனேன். அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதையும் கவனிக்கவில்லை என்றேன். அலைச் சத்தத்தில் அந்தோணிக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. சீனி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அன்று படகை விடச் சொன்னது நான்தான். இரண்டு முறை சொன்னேன். அவரோடு வேலை பார்த்தவர்களும், அவர் அவசரப்பட்டுவிட்டார் என்று இன்றுவரை பேசுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் சும்மா இருக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய ஜீப்பைப் பிடித்து, தானே பிரித்து மாட்டி, மீனவர்களின் ஃபைபர் படகுகளைக் கரையேற்றிக் கொடுக்கத் தொடங்கினார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். ஆமைகளைப் பற்றிக் கேட்பார். என் அய்யாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பேச வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் யாராவது இருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு படகு வந்துவிடும், அவர் எழுந்து போய்விடுவார். பிறகு எனக்குக் கல்லூரி வேலை கிடைத்துத் திருநெல்வேலிக்குப் போனேன். இந்த வருடம் நோன்புக் கஞ்சி குடிக்க வருவதாகச் சொல்லியிருந்தேன். தேர்வு வேலையில் போக முடியவில்லை. பரவாயில்லை, அடுத்த வருசமும் நோன்பு வருமில்ல என்று போனில் சொன்னார். நான் கடைசியாகக் கேட்ட அவர் குரல் அதுதான்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. நூர்ஜகான் லாத்தா உள்ளறையில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், காலை நீட்டியபடி முத்துலட்சுமி. காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாளாம். அந்தத் தொடையை இப்போதும் முழுதாக மடக்க முடியாது அவளுக்கு.

லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன் வேலை போனது என்னால்தான் என்றேன். அவர் என்னை அழவிட்டார். பிறகு, தனக்கு எப்போதோ தெரியும் என்றார். விசாரணை நடந்த அன்றே அண்ணன் வந்து சொல்லியிருக்கிறார்.

"அவுக என்ன சொன்னாக தெரியுமா? 'ஒரு உசுரா படகான்னு நான் நின்னு யோசிச்சேன் நூரு. அந்தப் புள்ள யோசிக்கல. அது சொல்லலேன்னா நான் இன்னும் கொஞ்சம் நின்னுருப்பேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் அல்லாகிட்ட பதில் சொல்லணும். ஆபீசுல சொல்றதா பெருசு'ன்னு சொன்னாக."

என்னைக் காப்பாற்றத்தான் விசாரணையில் அப்படிச் சொன்னார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவரோ, நான் கண்டுகூடக் கொள்ளாத ஒரு தயக்கத்தைத் தன் தவறாக எழுதிக்கொண்டு, அதற்குத் தானே தண்டனையும் கொடுத்திருக்கிறார். ஒரு முறை நான் பேச்சை எடுத்திருந்தால் இதை அவர் வாயாலேயே கேட்டிருப்பேன். யார்தான் தயங்கமாட்டார்கள் அண்ணே என்று சொல்லியிருப்பேன். அதைக் கேட்கத்தான் இப்போது அவர் இல்லை.

லாத்தா முடித்ததும் முத்துலட்சுமி, "எம் மக கல்யாணத்துக்கு அவுகதான் மொத ஆளா வந்து நின்னாக" என்று மட்டும் சொன்னாள்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்ன என்று யோசிக்கிறேன். ஜீப் ஓட்ட நான் கற்றுக்கொள்ளவில்லை. காற்றைப் பார்த்து நாளைய கடலைச் சொல்லவும் வராது. ஆனால் ஒன்றை, எனக்கே தெரியாமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் மூன்று மணிக்குத் திரும்புவதாகச் சொன்னால் அவர் இரண்டு மணிக்கே கரையில் இருப்பார். கடலில் இருக்கிறவர்கள் தலை நிமிர்ந்து பார்க்கும்போது கரையில் ஓர் ஆள் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. இப்போது என் மாணவர்கள் படகில் போகும் நாட்களில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே நான் கரைக்குப் போய்விடுகிறேன். நிழல் இருந்தாலும் ஒதுங்குவதில்லை. படகிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், வெயிலில் நிற்கிறேன்.