அமலேக்கின் கைக்குழந்தை

சபையில் அவளுக்கு வைத்த பெயர் கைகாரி. சாமர்த்தியக்காரி என்ற அர்த்தத்தில் யாரோ கேலியாகச் சொன்னது, கையால் பேசுகிறவள் என்பதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் காது கேட்காது. கேட்கிற ஒரே ஆள் அவள். வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் சின்ன வயதிலிருந்தே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேசிப் பழகியவள்.

வார நாட்களில் பல் ஆஸ்பத்திரியில் இடுக்கிகளையும் ஊசிகளையும் கழுவிக் கொதிகலனில் அடுக்குவாள். ஞாயிறு காலை தேவாலய மேடைக்குக் கீழே ஒரு முக்காலியில் ஏறி நின்று, போதகர் பேசுவதைச் சைகையாக்குவாள். எதிரே இரண்டு பெஞ்சு நிறையக் காது கேளாதவர்கள். முதல் பெஞ்சில் தச்சு வேலை செய்யும் அண்ணன். பக்கத்தில், அவரைப் போலவே காது கேளாத அண்ணி. அண்ணி மடியில் பால்குடி மறக்காத பிள்ளை.

அந்த ஞாயிறு வாசித்தது சவுல் ராஜாவின் கதை. எதிரி இனமான அமலேக்கியரை அழித்துவிடு, பெண்களையும் குழந்தைகளையும்கூட விடாதே என்று தீர்க்கதரிசி கட்டளையிடுகிற பகுதி.

காதால் கேட்பவர்களுக்கு அது கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன வரி. கைக்கு அந்த வசதி கிடையாது. குழந்தை என்றால் இரண்டு கையிலும் ஏந்தி ஆட்ட வேண்டும். பால்குடி என்றால் மார்போடு அணைக்க வேண்டும். கொல் என்றால், அணைத்த அதே கையை ஓங்க வேண்டும். ஓங்கினாள். அண்ணி தன் பிள்ளையை இழுத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அமலேக்கு யாரு? நம்ம மனசுல இருக்கிற பாவம்!" என்றார் போதகர். "சின்னப் பாவம்தானேன்னு விட்டுவைக்காதீங்க. அதுதான் அந்தக் கைக்குழந்தை!"

சபை முழுக்க "ஆமென்" என்றது. அண்ணியின் கை உயர்ந்தது.

"ஒரு நிமிஷம், ஐயா," என்றாள் கைகாரி. "அண்ணி கேக்கிறாங்க. பாவத்தைப் பத்திச் சொல்லணும்னா பாவம்னே சொல்லலாமே, அதுக்கு எதுக்குப் பச்சைப் பிள்ளைன்னு கேக்கிறாங்க."

போதகருக்கு முகம் சிவந்தது. "அது ஆவிக்குரிய அர்த்தம்மா," என்று சொல்லிவிட்டு வேகமாகப் பாட்டுக்குப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்ததும் அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டார்கள். போதகரோடு இருந்த சபை மூப்பர்தான் ஆரம்பித்தார். "நீ ஒரு குழாய் மாதிரிம்மா. மேல வர்றதைக் கீழே விட்டா போதும்."

"குழாய்க்கு ரெண்டு பக்கமும் வாய் இருக்கு, ஐயா."

போதகர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவள் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது தவறாமல் வந்து பார்த்தவர். "வேதத்துல ஒரு பக்கத்தைக் கிழிச்சா, மத்த பக்கத்தை எதைச் சொல்லி நிறுத்துவேன்? நீயே சொல்லு."

"கிழிக்கச் சொல்லல, ஐயா. முழுசாப் படிங்க. கடவுள் சொன்னார்னு அவங்க நம்பி வெட்டினாங்கன்னு சொல்லுங்க. ஆனா படிச்சு முடிச்சதும் அல்லேலூயா சொல்லச் சொன்னா என் கை வராது. கடவுள் எப்படி இருப்பார்னு தெரியணுமா, பிள்ளைகளை அணைச்சுக்கிட்ட இயேசுவைப் பாருன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். நான் நம்பிட்டேன். இப்ப மாத்திக்க முடியாது."

மூப்பர் பேசினார். "இனிமே அவங்க கேள்வியெல்லாம் சபையில வேண்டாம். நீ வாயைத் திறக்கக் கூடாது."

"அப்ப கையும் திறக்காது," என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் முக்காலியில் மூப்பரின் மருமகன் நின்றார். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட சைகை. நல்ல மேய்ப்பன் என்று காட்டப் போய், நல்ல கறிக்கடைக்காரன் என்று காட்டிவிட்டார். பெஞ்சு இரண்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அண்ணன் எழுந்தார். அவர் பின்னால் அத்தனை பேரும் எழுந்து வெளியே வந்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணனின் பட்டறையில், மரத்தூளைக் கூட்டி ஒதுக்கிவிட்டுக் கூடினார்கள். அதே கதையைத்தான் முதலில் எடுத்தார்கள். சண்டை வந்தது. காது கேளாத பெரியவர் ஒருவர், பூட்டு ரிப்பேர் செய்கிறவர், விட்டுக்கொடுக்கவே இல்லை. அவர் மனைவிக்குக் காது கேட்கும், ஆனால் சைகை அரைகுறைதான். அந்த அம்மாவுக்காக அவர் சொன்னதை ஒரு விரல் குறையாமல் கைகாரி வாயால் சொன்னாள்: "கடவுள் கொடுத்த உயிர். அவர் எடுத்தா நாம யாரு கேக்க? கேள்வி கேக்கிறவனுக்கு விசுவாசம் இல்ல." அவளுக்கு ஒப்பாத பேச்சு. ஆனாலும் ஒரு சொல்லை மாற்றவில்லை.

பிறகு நடுவிலிருந்து நகர்ந்து, அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இவ்வளவு நேரம் அவர் பேசினது. இப்ப நான் பேசறேன்," என்று வாயாலும் கையாலும் சேர்த்தே சொன்னாள். "சிலுவையில ஏறினவர் வெட்டுப்பட்டவங்க பக்கம். அமலேக்கியர் ஊர்லயும் வாளுக்குப் பக்கத்துல அவர் நின்னிருக்க மாட்டார். பிள்ளைக்குப் பக்கத்துலதான் நின்னிருப்பார். இதைச் சொல்றதுக்கு விசுவாசம் இல்லைன்னு பேர் வந்தா, வரட்டும்."

பூட்டுக்காரப் பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதில் சொல்லக் கையைத் தூக்கினார்.