ஊறாத கட்டு

என் தம்பி மனைவி வேலை பார்க்கும் ஆலையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இழை தயாராகிறது. பிளாஸ்டிக் கரைசல் நுண்ணிய துளை வழியே இறங்கித் தண்ணீர்த் தொட்டியில் உறைந்து, நடுவே குழல் ஓடும் வெள்ளை இழையாகும். இழைச் சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நீரை உள்ளே விட்டு அழுக்கையும் கிருமியையும் தடுக்கும். உலர்த்துமுன் இழைக்கட்டு கிளிசரினில் ஊற வேண்டும். ஊறாமல் காய்ந்தால் துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும்.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் அவசரத்தில், ஊறாத கட்டொன்றை ஊறியவற்றோடு உலரப் போட்டுவிட்டாள். வீட்டு வாசலில்தான் நினைவு வந்தது. மறுநாள் அவள் போவதற்குள் கட்டுகள் யாவும் வடிகட்டிக் குழாய்களுக்குள் ஏறியிருந்தன. சொன்னால், எது ஊறாதது என்று தெரியாமல் அத்தனையும் குப்பைக்குப் போகும். வாயைத் திறக்கவில்லை.

இழைகளின் முனைகளைக் குழாயில் பிசின் ஊற்றி ஒட்டுபவர், அவளோடு தினமும் சாப்பிடும் பிசின் அக்கா. ஒட்டியபின் கசிவு பார்க்கக் காற்றடைத்து நீரில் அமிழ்த்திய சோதனையில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் வாங்கியவர்கள் ஒரு குழாயைத் திருப்பியனுப்பினார்கள்: தண்ணீரே இறங்கவில்லையாம். பிசின் இழைகளுக்குள் ஏறி அடைத்துவிட்டது என்று முடிவுகட்டிய இன்ஜினியர், பிசின் அக்காவை வாளி கழுவ அனுப்பினார்.

"என்னக்கா, சாப்பிடலையா?"

"வாளி கழுவுற கைக்குப் பசி வேறயா? நீ சாப்பிடு."

"இன்ஜினியர் சொன்னா அது வேதமா? விடுக்கா."

"அவரை விடு. எனக்கே சந்தேகமா இருக்குடி. கலக்குறப்ப கை தவறிடுச்சோன்னு படுத்தா தூக்கம் வரல."

தம்பி மனைவி சாப்பிட்டு முடித்தாள். அன்றிரவு வீட்டில் என் தம்பியிடம் நடந்ததைச் சொன்னாள்.

"இப்பப் போய் ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கிற? அவங்களுக்கு நாளாவட்டத்துல பழகிடும்" என்றான்.

"அவங்களுக்குப் பழகிடும். எனக்கு?"

மறுநாள் இன்ஜினியர் முன் நின்றாள். "அந்தக் குழாயை அறுத்துப் பாருங்க சார். பிசின் ஏறியிருக்காது. ஊறாமக் காய வச்சது நான்தான்."

அறுத்தார்கள். இழைகளின் வாய் திறந்தே இருந்தது. அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. பிசின் அக்கா பிசின் ஊற்றும் வேலைக்கே திரும்பினார்.

"மன்னிச்சிடுக்கா."

"என் கையை நானே நம்பாமக் கிடந்தேன். அதைப் பாத்துக்கிட்டே பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியேடி." அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும் என்று தம்பி மனைவி என்னிடம் சொன்னதுண்டு.

இருவரும் இன்றும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் தம்பி மனைவி கொண்டுவரும் கட்டைப் பிசின் அக்கா பேசிக்கொண்டே வாங்கி ஓரமாக வைப்பார். இப்போது பேச்சை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, கிளிசரினின் வழவழப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டையும் விரலால் நீவிப் பார்க்கிறார். கடைசிக் கட்டுவரை அவர் பார்த்து முடிக்கும் மட்டும் இவள் அங்கேயே தலைகுனிந்து நிற்கிறாள்.