மீனுக்குப் புளிக்கவைத்த பீர்ச் சக்கை

என் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் குளம் வெட்டி, கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டார். ராஜபாளையத்துத் தீவனக் கடையில் ஒருநாள் பீர்ச் சக்கையைப் பார்த்திருக்கிறார். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் பார்லிச் சக்கை அது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள். அதைத் தவிடு, கடலைப் புண்ணாக்கு, வெல்லத் தண்ணீரோடு பிசைந்து டிரம்மில் நாலு நாள் புளிக்கவைத்தால் மீன் விரும்பித் தின்னும் என்று யூடியூபில் யாரோ சொல்லியிருந்தார். வாயு வெளியேற டிரம்மின் மூடியைத் தளர்வாக வைக்கச் சொல்லியும் இருந்தார். என் கணவருக்கு எதையும் தளர்வாக வைத்துப் பழக்கமில்லை.

முதல் டிரம் நன்றாகவே வந்தது. ஒரு கை அள்ளிப் போட்டால் குளமே கொதிப்பதுபோல் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அந்தத் தைரியத்தில் இரண்டாவது டிரம்மின் மூடி போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கினார்.

அதைத் திறக்க வேண்டிய நாள், எங்கள் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டிய நாளாகவும் அமைந்தது. பிள்ளைகள் இருவருக்கும் போனில் பேசிப் பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் பேசி முடிப்பதுதான் பாக்கி.

"செத்த நேரம்தான், மீனுக்குப் போட்டுட்டு வாரேன்" என்று புது வேட்டியோடு தோப்புக்குள் போனார். போல்ட்டைத் தளர்த்தியதும் தேங்காய் விழுந்தாற்போல் ஒரு சத்தம். மூடி தென்னை மட்டைக்கு மேலே பறந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார். தலை, மீசை, காது, சட்டைப் பை என்று எங்கும் சக்கை.

"சிரிக்காதட்டி" என்றார்.

இரண்டு முறை குளித்தார். சீயக்காய் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். வேட்டி மாறியது, வாடை மாறவில்லை. பட்டாளத்தில் கொடுத்த ரம்மைக்கூட ஒரு சொட்டு தொடாத மனிதர், ஒயின்ஷாப்பிலிருந்து நேரே வந்தவரைப்போல மணத்தார்.

பஸ்ஸில் வெயில் ஏற ஏற வாடையும் ஏறியது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, அண்ணன ஜன்னல் ஓரமா உக்கார வைங்க. வாந்தி வந்தா வெளிய எடுக்கச் சொல்லுங்க" என்றார். என் கணவர் வாயைத் திறந்து விளக்கம் சொல்லப் போக, கண்டக்டர் பின்னால் நகர்ந்துகொண்டார். முன் சீட்டுக்காரம்மா திரும்பி என் கையைப் பிடித்தார். "எங்க வீட்டுலயும் இதே கததான் மதினி. மனசத் தேத்திக்கிடுங்க." எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வன்னியம்பட்டி தாண்டும்வரை அவர் என் கையை விடவேயில்லை.

மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார். என் கணவர் கும்பிட்டுக் குனிந்ததும் வரவேற்றவரின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

மாப்பிள்ளையின் அப்பா இன்னும் கிட்ட வந்து மூக்கை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. இது பீர்ச் சக்கைதான?"

"ஆமா. மீனுக்குப் போடுறேன்."

"மீனுக்கா? நான் மாட்டுக்குல்லா போடுறேன். மீன் திங்குமா?"

"எம்புட்டுப் போட்டாலும் திங்கும்."

அவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு கறவை மாடுகள். பால் முழுக்கப் பால்கோவாக் கடைக்குப் போகிறதாம். உட்காரக்கூடச் சொல்லாமல் என் கணவரைத் தொழுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நான் அடுப்படிக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா காபி கொடுத்தார். நான் ஒரு வாய் குடித்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீனி போடல மதினி" என்று தலையைக் குனிந்துகொண்டார். "வாசல்ல பேசுனது இப்பத்தான் காதுல விழுந்துச்சு. அதுக்கு முந்தி அவிய குடிச்சுட்டு வந்துருக்காகன்னு நெனச்சுட்டேன். வேகமா அனுப்பிருவோம்னு..."

முதலில் சிரித்தது நான்தான். பிறகு அவரும் சிரித்தார். பஸ் கதையைச் சொன்னதும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்போது தொழுவத்துப் பக்கமிருந்து அவர் கணவரின் குரல் கேட்டது.

"மூடிய எதுக்கு அம்புட்டு இறுக்குனீக சம்மந்தி?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நாம இன்னும் பேசவேயில்லயே" என்றார் அவர்.

"அவிய முடிச்சுட்டாக போல."

"அப்பம் பொறவென்ன" என்று காபியை வாங்கி மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கினார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடந்தது. தட்டு மாற்ற நேரமாகியும் சம்பந்தியைக் காணவில்லை. குளக்கரையில் பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு மீனுக்கு அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடப் போன என் கணவரும் அங்கேயே நின்றுவிட்டார். கடைசியில் மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போட்டோகிராபரே கரைக்குப் போனார், நாங்களும் பின்னாலேயே போனோம். படம் எடுக்கும் நேரம் பார்த்து ஒரு பெரிய கட்லா துள்ளி விழுந்ததில் எல்லோரும் நனைந்தோம். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை.