ஸ்டோர்காரர் சொன்ன உண்மை

அந்தத் தொழிற்சாலையின் ஸ்டோர்காரருக்கு 'இல்லை சார்' என்று பெயர். இருபத்திரண்டு வருட உழைப்பில் அவரே சம்பாதித்த பட்டம். யார் எதைக் கேட்டாலும் முதலில் "இல்லை" என்பார். கேட்டவர் கெஞ்சி, கோபித்து, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தால் ஏணியில் ஏறி எடுத்துத் தருவார். கேட்டவுடன் கொடுத்தால் பொருளுக்கு மரியாதை போய்விடும் என்பது அவருடைய உயர்ந்த கொள்கை. நாளடைவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அவர் "இல்லை" என்றால் திட்டப் பிரிவில் "ஐந்நூறு இருக்கும்" என்று எழுதிக்கொள்வார்கள்.

துறைமுகத்தை மூடிய மாதம் இதுவே வினையாயிற்று. நோயாளிகளின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி நாற்பது, வெள்ளிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கருவிக்கு ஒரு சிப். மேலாளர் வந்து கேட்டார்.

"இல்லீங்க சார்."

"சரி சரி, காலைல எடுத்து வைங்க."

"நிஜமாவே இல்ல சார். கப்பல் வரல."

"உங்க 'நிஜமாவே' எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு வாக்கு குடுத்தாச்சு."

மறுநாள் மேலாளரே ஏணியில் ஏறினார். அத்தனை பெட்டிகளையும் கவிழ்த்தார். சட்டை அழுக்கானதுதான் மிச்சம்.

"என்னய்யா இது, நிஜமாவே இல்லையா!"

வாழ்நாளில் முதல்முறையாக உண்மை பேசி, அதற்காகவே திட்டு வாங்கிய மனிதர் நேரே பழுதுபார்க்கும் மேசைக்குப் போனார். அங்கே சூடான காற்றை ஊதிப் பாகங்களைக் கழற்றி மாட்டுபவர் அவர் மனைவி.

"உங்க பேச்சை யாரும் நம்பலையாமே? வீட்ல மட்டும் நம்புறோமா?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்க. ரிஜெக்ட் ஆன சர்க்யூட் போர்டுல இருக்கற சிப் தேறுமா?"

"போர்டு கெட்டா சிப் என்ன பாவம் பண்ணுச்சு? காயலான்கடை லாரி வாசல்ல நிக்குது, ஓடுங்க!"

ரிஜெக்ட் போர்டு மூட்டைகள் மூன்று ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்தன. மூன்றையும் தன் தோளிலேயே இறக்கினார். பொருளை வெளியே விடாமல் தடுப்பதில் அவருக்கு நிகர் யார்?

இரண்டு நாள் மேசையை விட்டு எழாமல் மனைவி கழற்றினார், துடைத்தார், சோதித்தார். முப்பத்தேழு சிப்கள் தேறின. மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். மறுமுனையில் படுக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

"இருக்கறதை அனுப்புங்க. மூணு படுக்கைக்குப் பழைய மெஷினை வச்சு ஓட்டிக்கறோம்."

வெள்ளிக்கிழமை மாலை முப்பத்தேழு கருவிகளோடு வண்டி கிளம்பியது.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. 'நெருக்கடிக்கால நிலைத்த கொள்முதல் கொள்கை', நான்கு பக்கம், முகப்பில் மேலாளரின் படம். விஷயம் ஒரே வரிதான்: ரிஜெக்ட் போர்டு எதுவும் இனிப் பழுதுபார்க்கும் மேசைக்கு வராமல் லாரியில் ஏறாது. மனைவிக்கு விரல்களெல்லாம் கொப்புளம். தாளைப் பிடிக்க முடியவில்லை. ஸ்டோர்காரர்தான் உரக்கப் படித்துக் காட்டினார். இரண்டாம் பக்கத்திலேயே அந்த அம்மாள் தூங்கிவிட்டார்.