சால்வைக்குள் கார் கண்ணாடி

மோட்டார் சைக்கிளில் புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தால் சாலையின் இடது பாதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தில்லியில் நாங்கள் இருந்த வருடங்களில் தினமும் காலையில் அந்த இடது பாதியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாக இருந்தது.

மயூர் விஹாரில் வீடு. கணவருக்கு லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகம். ஐந்து வயது மகளுக்கு வீட்டுப் பக்கத்தில் இடம் கிடைக்காததால் அவளையும் லோதி ரோட்டிலேயே, தமிழ் சொல்லித்தரும் பள்ளி ஒன்றில் யு.கே.ஜி. சேர்த்திருந்தோம். மெட்ரோ எங்கள் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பு. பள்ளி வேனில் அனுப்பலாம் என்றார் கணவர். அந்த வேனில் குழந்தைகளை அடைத்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. சரி, பைக்கில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அதற்கும் மனம் வரவில்லை. கடைசியில் மூன்று பேரும் போவது என்று ஆயிற்று. அவளை வகுப்பில் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் திரும்புவேன். நீ கூடப் போவதால் என்ன பாதுகாப்பு என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அவர்கள் இருவரும் என் கண்ணுக்கு மறைவாகச் சாலையில் போய்க்கொண்டிருக்க, நான் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

மகள் முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் உட்காருவாள். ஹெல்மெட் அவருக்கு மட்டும். தில்லியில் அப்போது பெண்களுக்கு அது கட்டாயமில்லை. குழந்தைக்கு வாங்க நான் ஒருமுறை கடைக்குப் போனேன். அவள் தலைக்கு அளவு இல்லை என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். இன்னொரு கடையில் கேட்டிருக்கலாம்.

நொய்டா மோட் தாண்டியதிலிருந்து நிஜாமுதீன் பாலம் வரை கார்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் பின்னால் நாங்களும் நின்றால் பள்ளிக்கு நேரமாகிவிடும். ஆகவே எல்லா பைக்காரர்களையும் போல இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே புகுந்து போவோம். ஹேண்டில்பார் நுழைந்தால் வண்டி நுழையும் என்பது என் கணவரின் கணக்கு. தனியாகப் போகிறவருக்கு அது சரி. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவளின் முழங்கால் ஹேண்டில்பாரைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இடைவெளி போதும் என்றால் அவர் தோளில் ஒரு தட்டு. போதாது என்றால் சட்டையோடு சேர்த்து ஒரு கிள்ளு. அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். என் கையை அவ்வளவு நம்பினார்.

இடது பக்கம் நிற்கும் கார்களில் ஓட்டுகிறவரின் ஜன்னலை உரசாத குறையாகத்தான் என் முழங்கால் கடந்துபோகும். பராட்டாவைச் சுருட்டித் தின்றபடி ஓட்டுகிறவர், பேட்டரி ஷேவரால் தாடையை வழித்துக்கொள்கிறவர், மனைவியோடு சண்டை போடுகிறவர் என்று எல்லோருடைய முகமும் ஒரு முழத் தூரத்தில் வந்து போகும். எங்களைப் பார்க்கும்போது மட்டும் எல்லோர் முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர்கள் நிற்கிறார்கள், நாங்கள் போகிறோம் என்கிற எரிச்சல். கார்க் கதவைச் சட்டென்று திறந்து பைக்கைத் தள்ளிவிட்ட கதைகளைப் பேப்பரில் படித்திருந்தேன். அந்த மாதிரிச் செய்திகளைப் படிக்காதே என்பார் கணவர். படிக்காமல் இருந்தால் நடக்காமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டு படிப்பேன்.

என் மடியில் எப்போதும் ஓர் ஒயர் கூடை இருக்கும். நானே பின்னியது. மகளின் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், அவருடைய டிபன் கேரியர் எல்லாம் அதில்தான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண் தோளில் மாட்டும் பை ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னாள். பையில் கேரியர் சாய்ந்து சாம்பார் கொட்டிவிடும். கூடையில்தான் நேராக நிற்கும். ஆனால் கூடைக்கு வளைந்த இரண்டு கைப்பிடிகள் உண்டு. இடது கையால் கூடையை அணைத்துப் பிடித்தாலும் ஒரு கைப்பிடி முழங்காலுக்கு வெளியே சரிந்து தொங்கும். அதை நான் இடைவெளிக் கணக்கில் ஒருநாளும் சேர்த்ததில்லை.

நவம்பர் மாதம், குளிர் தொடங்கியிருந்தது. புடவைக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தேன். பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைக் கார். இடைவெளியைப் பார்த்தேன், முழங்காலைப் பார்த்தேன், தோளில் தட்டினேன். பைக் நகர்ந்தது. மறுகணம் கூடையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அப்படித்தான் தோன்றியது. விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் கூடை போயிருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. நான் இறுக்கிப் பிடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தக் காரின் பக்கக் கண்ணாடி, அதன் கறுப்புக் கூட்டோடு பிய்ந்து, கைப்பிடி வளையத்தில் மாட்டிக்கொண்டு என் மடிக்கு வந்துவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர், திரும்பாமல்.

பின்னால் கார்க் கதவு திறக்கும் ஓசை கேட்டது. நான் அவர் தோளில் தட்டினேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை தட்டினேன்.

ஏன் தட்டினேன் என்று இன்றுவரை எனக்கு நானே பல பதில்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அந்த மனிதன் இறங்கி வந்தால் முதலில் அவன் கைக்கு எட்டுவது டாங்கின் மேல் இருக்கும் குழந்தை.

இரண்டு மூன்று கார்களைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் வழி கிடைத்தது. கண்ணாடியைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன். யமுனைக்குப் பூ போடுகிறவர்கள் பாலத்துக் கம்பிக்கு மேலாக வீசுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வீசிவிடலாமா என்று ஒரு நினைப்பு. கையை வெளியே எடுக்கப் பயமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று இன்னொரு நினைப்பு. சொன்னால் அவர் நிறுத்துவார், அவர் சுபாவம் அது. நிறுத்தினால் அந்த ஆள் வந்துவிடுவான். பள்ளி வாசலில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

பாலத்தின் பாதியில் ஹாரன் சத்தம். வெள்ளைக் கார் எங்களுக்கு வலப்பக்கமாக வந்தது. நான் பார்க்காத பக்கம். ஜன்னல் இறங்கி, கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுகிறாயா, நிறுத்து என்று அவன் இந்தியில் கத்துவது கேட்டது.

"சீஷா தோட்கே பாக் ரஹா ஹை? ரோக்! ரோக் ஸாலே!"

"பாரு, வழி கிடைக்காத எரிச்சல்ல உளர்றான்" என்றார் கணவர். அவர் குரலில் சிரிப்புகூட இருந்தது.

கார் எங்களை நெருக்கியது. கணவர் இடப்பக்கம் ஒதுங்கினார். மறுபடி நெருக்கியது. என் பக்கத்தில் பாலத்துக் கம்பிகள் வந்துவிட்டன. அவை ஒன்றன்பின் ஒன்றாக முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடின. கால்களை உள்ளே இழுக்க இடமில்லை. மகள், "அப்பா ஜல்தி, ஜல்தி!" என்று கூவினாள். அவளுக்கு அது பந்தயம். நான் அவர் தோளைக் கிள்ளினேன். எவ்வளவு கிள்ளினேன் என்றால், அன்று மாலை அந்த இடம் கன்றிப்போயிருந்தது.

பாலம் இறங்கும் இடத்தில் கார் எங்களை முந்தி, குறுக்கே நின்றது. கணவரும் நிறுத்தினார். அவன் இறங்கினான். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. கையில், காரைத் திருடாமல் இருக்க ஸ்டீயரிங்கில் பூட்டும் அந்த மஞ்சள் இரும்புத் தடி.

"கண்ணாடியை உடைச்சிட்டு ஓடறியா?" என்று இந்தியில் கேட்டான்.

"நான் எதையும் தொடலை, பாயி சாப்" என்றார் என் கணவர். அவருடைய இந்தி அலுவலக இந்தி, மரியாதையானது, சண்டைக்கு உதவாதது. ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அதை அவர் கழற்றியிருக்கக் கூடாது.

"தொடலையா? அப்போ என் கண்ணாடி பறந்துபோச்சா?"

அதற்குள் பின்னால் வந்த பைக்குகள் இரண்டு மூன்று நின்றுவிட்டன. பைக்காரனுக்கும் கார்க்காரனுக்கும் தகராறு என்றால் யார் பக்கம் என்று அவர்கள் யோசிப்பதே இல்லை. "அரே, தடியைக் கீழே போடு. குழந்தையோட வந்த ஆளையா அடிக்கப்போறே?" என்றார் ஒருவர். தோல் ஜாக்கெட் போட்ட இன்னொருவர், "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா? தினம் இதே தொல்லை. உடைஞ்சிருந்தா எங்கே அந்தக் கண்ணாடி? காட்டு" என்றார்.

"உடைஞ்ச கண்ணாடி கீழ விழுந்திருக்குமே? திரும்பிப் போய்ப் பார்க்கலாம், வாங்க" என்றார் என் கணவரும்.

அது என் சால்வைக்குள், வயிற்றோடு ஒட்டி, சில்லென்று இருந்தது. எனக்காகப் பேசுகிறவர்கள் பேசப் பேச, சொல்வதற்கான நேரம் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இப்போது சொன்னால் இவர்கள் எல்லோரும் என் கணவரைத்தான் பொய்யன் என்பார்கள். சொல்லாமல் இருந்தால் கார்க்காரன் அலுத்துப் போய்விடலாம். போய்விடுவான், போய்விடுவான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தடி அவன் கையில் ஆடிக்கொண்டே இருந்தது.

மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா, அந்த அங்கிள் ஏன் இவ்ளோ குஸ்ஸாவா இருக்காங்க?" என்று கேட்டாள். கோபத்துக்கு அவளுக்கு இந்தி வார்த்தைதான் வரும்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என் கணவரைப் பார்த்தான்.

"உன் பொண்ணா?"

"ஆமாம்."

"அவ தலையில கைவெச்சு சத்தியம் பண்ணு. தொடலைன்னு சொல்லு. நான் போயிடறேன்."

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. "டீக் ஹை, கசம் கா லே" என்றார்கள், சத்தியம் செய்துவிட்டுப் போ என்று. என் கணவருக்குக் கோவில், சாமி எதிலும் பெரிய ஈடுபாடு கிடையாது. நல்லநேரம் பார்க்கும் என்னைக் கேலி செய்வார். தவிர, அவர் அறிந்தவரை அது உண்மை. இதிலென்ன இருக்கிறது என்பதுபோல வலது கையுறையைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டு கையைத் தூக்கினார்.

நான் படித்தவள். குழந்தையின் தலையில் கைவைத்துச் சொல்லும் பொய்க்கும் அந்தக் குழந்தையின் ஆயுளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் எடுத்துச் சொல்லவும் முடியும். ஆனால் எங்கள் ஊரில் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னால், திருடன்கூட அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வான். அந்தக் கை அவளுடைய ரிப்பன் கட்டிய தலையை நோக்கி இறங்குவதைப் பார்த்தேன். ஹெல்மெட் என் கையிலிருந்து விழுந்து உருண்டது. அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாங்க. வைக்காதீங்க. நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. நான் அந்த ஆளிடம் திரும்பி, என் அரைகுறை இந்தியில், "மைனே தோடா, நான்தான் உடைச்சேன். இவருக்குத் தெரியாது" என்றேன். சால்வையை விலக்கிக் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். அது இன்னும் கூடையின் கைப்பிடியில்தான் மாட்டியிருந்தது. கழற்ற முயன்றேன். வரவில்லை. கூடையோடு சேர்த்து நீட்டினேன்.

பிறகு தோல் ஜாக்கெட்காரர் சிரித்துவிட்டார். "வாஹ் பாபிஜி", சபாஷ் அண்ணி என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கை உதைத்துக் கிளப்பினார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

கார்க்காரன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியை வளைத்துக் கண்ணாடியை நிதானமாகக் கழற்றினான். அதில் கீறல்கூட விழுந்திருக்கவில்லை. கணவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மாற்றிக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருப்பார். அவன் கையமர்த்தினான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். குழந்தைக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடு" என்றான். என்னைப் பார்க்காமல் அவரிடமே, "நான் உன்னை அடிச்சிருப்பேன், தெரியுமா? நல்லா அடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறிக்கொண்டான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கே பயமாக இருந்ததுபோலத் தோன்றியது.

பள்ளிவரை கணவர் எந்த இடைவெளியிலும் நுழையவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் கார்களுக்குப் பின்னால், பஸ் புகைக்குள் நின்றார். என் கை அவர் தோளில்தான் இருந்தது. எடுக்கவா, வைத்திருக்கவா என்று தெரியவில்லை.

பள்ளி வாசலில் மகளை இறக்கி, அவள் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டார். பிறகு நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"குழந்தை தலையில அவன் சத்தியம் கேக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன்."

"அவன் அடிக்கறதுக்கு முன்னாடி?"

"முன்னாடிதான்."

"சத்தியமா?" என்றார்.

பேச்சுவாக்கில் எல்லோரும் கேட்பதுதான். என் கை மகளின் தோளில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அந்தக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வேண்டாம், வேண்டாம். ஒண்ணும் சொல்லாத" என்றார். "பெல் அடிக்கப்போறான், கூட்டிட்டுப் போ."